ரத்தினசபாபதி காரின் சூடு போன இடம்

வெள்ளக்கரட்டு நூல்மண்டி ரத்தினசபாபதிக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது, தன் கார் மூச்சிழுக்கிற காற்று சூடாக இருக்கிறதே என்பது. நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும், மழை பொய்த்தாலும், மகள் வேதியியலில் கோட்டைவிட்டாலும், மனைவி அம்சவேணி நாள்கணக்கில் பேசாமல் இருந்தாலும் அவர் முகம் மாறாது. டேஷ்போர்டில் தனியாக வாங்கிப் பொருத்தியிருந்த ஒரு சின்ன மீட்டரில், உள்ளே போகிற காற்றின் சூட்டைக் காட்டுகிற முள் ஒரு கோடு மேலே நகர்ந்தால் மட்டும், சாவுச் சேதி கேட்டவரைப் போல வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொள்வார்.

அந்தக் கார் கம்பெனியிலிருந்து வந்தபோது சாதுவாகத்தான் வந்தது. அதில் இருந்த சின்ன டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய டர்போவை மாட்டியவர் ரத்தினசபாபதிதான். டர்போ என்பது எஞ்சின் துப்புகிற புகையின் வேகத்திலேயே சுற்றிச் சுற்றி வெளிக்காற்றைப் பிடித்து அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற ஒரு விசிறி. அமுக்கினால் காற்று சூடாகும், சூடானால் மெலியும், மெலிந்த காற்றைக் குடித்த எஞ்சின் பட்டினி கிடந்த மாட்டைப் போலத் தளரும். சித்திரை வைகாசியில் வெள்ளக்கரட்டில் நிழலே சுடும் என்பதால், பைபாஸ் ரோட்டில் இரண்டு தடவை மிதித்தால் மூன்றாவது தடவை அந்தக் கார் பால்காரர் மொபெட்டுக்குப் பின்னால் போனது.

அவர் செய்யாத வைத்தியமில்லை. புகைக் குழாய்க்குத் தீப்பிடிக்காத துணியைச் சுற்றினார், பிறந்த குழந்தையைச் சுற்றுகிற மாதிரி. பானெட்டில் ஓட்டை போட்டார். ஓட்டை வழியாகச் சூடு வெளியே போகாமல் மைனா உள்ளே போனது. காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் பெட்டியின் மேல் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்து கொட்டினார். கார் குளிரவில்லை, ஆனால் அது போன வழியெல்லாம் பூனைகள் பின்னால் வந்தன. இவ்வளவுக்குப் பிறகும் சேலத்து டாக்டர் ஒருவருடைய வெள்ளைக் கார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரைத் தாண்டிப் போயிற்று. போகும்போது அந்த டாக்டர் கண்ணாடியை இறக்கிச் சிரித்ததுதான் ரத்தினசபாபதிக்குப் பொறுக்கவில்லை.

"பெட்டிய மாத்திப் பார்ப்பமுங்க," என்றான் டர்போ தண்டபாணி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் அவன். ஒரு லேப்டாப்பைக் காருக்குள் சொருகி வைத்துக்கொண்டு ஜோசியக்காரனைப் போல உதட்டைப் பிதுக்குவான். பிதுக்கிய அளவுக்கு வாடிக்கையாளர்கள் அவனை நம்பினார்கள். ஓர் அரசு அலுவலகத்தில் ஏலம் விட்ட பழைய ஏ.சி. ஒன்றின் செம்புச் சுருள் அவனிடம் கிடந்தது. அதை வளைத்துப் புதிய இன்டர்கூலர் செய்து காரில் மாட்டினான். அந்த ஏ.சி. வெகுகாலம் ஓர் அதிகாரியின் தலைக்கு மேல் ஓடியது என்றும், தன்னிடம் வருகிற எதையும் வைத்துக்கொள்ளாமல் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடும் அவருடைய வித்தையை மேலேயிருந்து பார்த்துப் பார்த்துச் செம்புக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது என்றும் பிற்பாடு சிலர் சொன்னார்கள். தண்டபாணி அதை மாட்டியது நல்ல நேரத்தில் அல்ல என்று வேறு சிலர் சொன்னார்கள். யாரும் அதற்கு மேல் தேடவில்லை, தேட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் கார் ஓடியது.

ஓடியது என்றால் உச்சி வெயிலில் பைபாஸில் திரும்பத் திரும்ப மிதித்தும் முள் மேலே போகாமல் கீழே போயிற்று, கீழே போய்ப் பனிக்காலத்து ஊட்டியின் எண்ணைக் காட்டிற்று, காற்றுக் குழாயின் மேல் முத்து முத்தாக வேர்த்தது, சேலத்து டாக்டரின் வெள்ளைக் கார் பின்னால் புள்ளியாகத் தேய்ந்தது, ரத்தினசபாபதி கல்யாணத்தன்றுகூடச் சிந்தாத ஆனந்தக் கண்ணீரைச் சிந்தினார்.

அதே நேரத்தில் ஊரின் கிழக்குக் கோடியில், தறிக்காலனியில், சின்னையன் என்ற தறிக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் எதிரே வந்து நின்றது அந்தச் சூடு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது நின்ற இடத்தில் காற்று, மத்தியானத் தார் ரோட்டுக்கு மேலே நெளிவதைப் போல நெளிந்தது. ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். வந்த விருந்தாளி வாசலில் தயங்குவதைப் போல அது கொஞ்சம் தயங்கிற்று. சின்னையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க," என்றார். அது உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

"யாரு மாமா வந்தது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அவர் பெண்டாட்டி லோகாம்பாள்.

"தெரியல புள்ள. சூடாட்ட இருக்குது."

"எதுக்கு உள்ள உட்டீங்க?"

"வந்து நிக்குது. எப்படி வேண்டாங்கறது?"

சின்னையனைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. முதலாளி இன்னொரு தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்றால் சரிங்க, தீபாவளியன்று வா என்றால் சரிங்க, தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரர் கொடி பிடிக்கக் கூப்பிட்டால் சரிங்க, அதே தெருவில் எதிர்க்கட்சிக்காரர் கூப்பிட்டால் அதற்கும் சரிங்க என்று இரண்டு தோளிலும் இரண்டு கொடியோடு நடந்தவர் அவர். இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர் ஊரில் யாருமில்லை, லோகாம்பாள் உட்பட.

காலனி அந்தச் சூட்டுக்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. காரின் அடுத்தடுத்த ஓட்டங்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவற்றின் மேல் இட்லிப் பானையை வைத்தார்கள், வெந்தது. மிளகாய் காயப்போட்டார்கள், வடகம் பிழிந்தார்கள், கேஸ் மிச்சமாகிறது என்று சந்தோஷப்பட்டார்கள், மூட்டுவலிக்காரர்கள் முட்டியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இது அம்மன்தான் என்று ஒருத்தி அருள் வந்து சொன்னாள்; வேப்பிலை கட்டி மஞ்சள் தெளித்தார்கள், மஞ்சள் நீர் விழுந்த இடத்திலேயே ஆவியானதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இப்படி வருகிறவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்துக் கொடுத்து, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் போகாத வீடு போல ஆயிற்று காலனி.

பெரிய மனிதர்கள் குடியிருந்த மேற்குப் பக்கம் சும்மா இருக்குமா? ரத்தினசபாபதியின் காரைப் பார்த்துவிட்டு அரிசி ஆலைக்காரர் வந்தார், நகைக்கடைக்காரர் வந்தார், கடைசியில் சேர்மன் பொன்னுரங்கமே தண்டபாணியின் ஷெட்டுக்கு வந்து இரும்புச் சாமான் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். தண்டபாணி அந்தச் செம்புச் சுருளில் மிச்சமிருந்ததை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி விற்றான். எந்தத் துண்டும் முழுச் சுருளுக்குக் குறைவில்லாமல் வேலை செய்தது. காரில் மாட்டினார்கள், ஏ.சி.யில் மாட்டினார்கள், ஆலைக் கொதிகலனில் மாட்டினார்கள், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் மாட்டினார்கள். அக்கினி நட்சத்திரத்தில் மேற்குத் தெருக்களில் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடந்தார்கள். மரத்தில் மாங்காய் பழுக்க மறுத்தது. கடைவீதியில் ஸ்வெட்டர் தொங்கிற்று. ஊரையே குளிர்வித்த உத்தமர் என்று ரத்தினசபாபதிக்குச் சால்வை போர்த்தினார்கள், அவர் குளிருக்கு இதமாக அதை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கிழக்கே கோழிகள் அவித்த முட்டையாகவே இட்டன. குழாயில் வந்த தண்ணீரை ஆற்றித்தான் குளிக்க வேண்டியிருந்தது. கட்டிலில் சூடு படுத்துக்கொண்டதால் மனிதர்கள் உட்கார்ந்தபடி தூங்கினார்கள். தறியில் பாவு நூல் இழை இழையாக அறுந்தது, அறுந்த நூலுக்கு முதலாளி கூலியில் பிடித்தார். காலனிக்காரர்கள் போய் முறையிட்டபோது சேர்மன் ஒரு கல்லூரிப் பேராசிரியரை அனுப்பினார். அவர் ஒரு கருவியோடு ஊர் முழுவதும் நடந்து, மேற்கில் குறைந்ததையும் கிழக்கில் கூடியதையும் கூட்டி வகுத்து, வெள்ளக்கரட்டின் சராசரி வெப்பம் கூடவுமில்லை குறையவுமில்லை, எனவே நடந்தது ஒன்றுமில்லை என்று மைக்கில் அறிவித்தார். அப்புறம் சேர்மன் படம் போட்ட விசிறிகள் கொடுத்தார்கள். மோர்ப்பந்தல் போட்டார்கள்; மோர் கொதித்துத் திரிந்தது.

சின்னையன் தறியின் மேலேயே விழுந்தார். அவர் வீட்டில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சேர்ந்திருந்தது, ஏனென்றால் வழி தெரியாத சூடெல்லாம் முதலில் அவரிடம்தான் வந்து கேட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனபோது பைபாஸில் ரத்தினசபாபதியின் கார் அதைத் தாண்டிக்கொண்டு போனது, முள் இன்னும் ஒரு கோடு இறங்கிய சந்தோஷத்தில் அவர் ஹாரன்கூட அடித்தார், அந்த வேகத்தில் கழன்ற சூடு ஆம்புலன்ஸுக்குள்ளேயே வந்து சின்னையனின் கால்மாட்டில் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது.

லோகாம்பாள் மறுநாள் மேற்கே நடந்து ரத்தினசபாபதியின் வீட்டுக்குப் போனாள். கம்பளி போர்த்தியிருந்த அம்சவேணி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். ரத்தினசபாபதி போர்ட்டிகோவில் காரைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"என்ற காருச் சூடுதான் உங்க ஊட்டுக்கு வருதுன்னு எப்படிச் சொல்ற? அதுல என்ற பேரு எழுதியிருக்குதா?"

"உங்க காரு போறப்பத்தானுங்க வருது."

"பஸ்ஸுந்தான் போவுது, லாரியுந்தான் போவுது."

"எங்கூட்டுக்காரரு பேச்சில்லாமக் கெடக்கறாருங்க."

அவர் துணியை உதறினார். அவருக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலில் மனிதர்கள் சில நேரம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். "அதென்ன கதவ ஒடச்சுக்கிட்டா உள்ள வந்துது? வாசல்ல வந்து நின்னுச்சுன்னு நீதான சொல்ற. புடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லோணும். சொன்னீங்களா? சொல்லாம உள்ள உட்டுப்போட்டு எங்கிட்ட வந்தா?"

லோகாம்பாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லீங்க," என்றாள். "சொல்லல."

அன்று சாயங்காலம் கார் கிளம்பிய சத்தம் தூரத்தில் கேட்டபோது அவள் வாசலில் நின்றாள். சூடு வந்தது, தயங்கிற்று. "வேண்டாம்," என்றாள். அது அங்கேயே நின்று நெளிந்தது, அப்படி ஒரு சொல்லை அந்தக் காலனியில் அது கேட்டதே கிடையாது. பிறகு மெல்லத் திரும்பிப் பக்கத்து வீட்டுக்குள் போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரி தலைமுடியை முடிந்துகொண்டு சண்டைக்கு வந்தாள். சண்டை முடிகிற நேரத்தில் அவளும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டாள். அவளிடமிருந்து அதற்கடுத்த வீடு கற்றுக்கொண்டது. கைக்குழந்தைகளுக்காகத் தாய்மார் சொன்னார்கள், காது கேளாதவர்களுக்காகப் பேரன்மார் சொன்னார்கள், தறிச்சத்தத்தில் கேட்காது என்பதால் தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். ஏற்கெனவே கட்டிலில் படுத்திருந்த சூடுகளும் சொன்னதும் எழுந்தன. ஆனால் எழுந்தவை போக இடம் தெரியாமல் தெருவிலேயே நின்றன, வேலியோரம் ஆடு மேய்க்கிற குடிசைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தன.

"நாம இங்க உக்காந்துட்டுச் சொன்னா, அதுக இன்னும் எளச்சவன் ஊட்டுக்குத்தான் போவும்," என்றாள் லோகாம்பாள். "அனுப்பறவங்க மூஞ்சிக்கு முன்னால போயிச் சொல்லோணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பைபாஸை அடைத்து, ரத்தினசபாபதிக்கும் சேலத்து டாக்டருக்கும் சேர்மன் தலைமையில் பந்தயம் வைத்திருந்தார்கள். பந்தலில் சோபாக்கள், சோபாக்களில் பெரிய மனிதர்கள், அவர்களுக்கு முன்னால் ஒருவரும் தொடாத இளநீர். காலனி மொத்தமும் கிழக்கேயிருந்து நடந்து வந்தது. அவர்களுக்குப் பின்னால் இத்தனை நாளும் சேர்ந்த சூடுகள் அத்தனையும் மந்தையாக நடந்து வந்தன, ரோட்டோரத்து அரளிச் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. ஆஸ்பத்திரியிலிருந்து சின்னையனையும் நாற்காலியோடு தூக்கிவந்து ரோட்டோரம் இறக்கினார்கள்.

கொடி அசைந்தது. தலையில் ஹெல்மெட்டை மாட்டி, கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரத்தினசபாபதி மிதித்தார். கார் அம்பாகப் பாய்ந்தது, முள் இதுவரை போகாத ஆழத்துக்கு இறங்கிற்று, பிரிந்த சூடு மலைபோல எழுந்து, பழைய மந்தையோடு சேர்ந்துகொண்டு வழக்கமான ஆட்களைத் தேடிற்று. முதலில் நின்ற பெண்ணிடம் வந்தது. "வேண்டாம்." அடுத்தவரிடம். "வேண்டாம்." வரிசை முழுக்க அந்தச் சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவித் தாவி ஓடிற்று. வரிசையின் முடிவில் சின்னையன் இருந்தார்.

பழகிய வீட்டு வாசலுக்கு வருவதைப் போல எல்லாச் சூடும் அவர் முன்னால் வந்து கூடி நின்றன. லோகாம்பாள் அவருக்காகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைத் தூக்கி அவளைத் தடுத்தார். எச்சிலை விழுங்கினார். தொண்டையில் ஏதோ கரகரத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த வழியாகப் போயிராத சொல் இடுக்கில் சிக்கி, முண்டி, வெளியே வந்தது.

"வேண்டாமுங்க," என்றார்.

அதிலும் அந்த 'ங்க'வை அவர் விடவில்லை. சூடு விலகிற்று. லோகாம்பாள் தலையைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

பிறகு அது பந்தலை நோக்கிப் போயிற்று. பந்தலில் இருந்தவர்கள் அந்தச் சொல்லைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்கள். சேர்மன், "எனக்குச் சுகர் இருக்குதப்பா," என்றார். இன்ஸ்பெக்டர், இது தன் ஸ்டேஷன் எல்லைக்குள் வராது என்றார். பேராசிரியர், சராசரியாகப் பார்த்தால் அப்படி ஒன்று வரவேயில்லை என்றார். தண்டபாணி, "நான் வெறும் மாட்டிக் குடுக்கறவனுங்க," என்று சோபாவுக்குப் பின்னால் போனான். அம்சவேணியிடம் வந்தபோது அவள் கம்பளியைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாம், அவரக் கேளுங்க," என்று பந்தய முடிவுக் கோட்டைத் தாண்டி நின்ற காரைக் காட்டினாள்.

பந்தயத்தில் ஜெயித்தது ரத்தினசபாபதிதான், அதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே ஏதோ நெளிந்தது. ரசிகர்கள் என்று நினைத்தார். ஹெல்மெட்டுக்குள் காது அடைத்திருந்தது. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எல்லாச் சூடும் உள்ளே போயிற்று.

அவர் சாகவில்லை. கதவைத் திறந்தபோது ஆவி வந்தது, ஆவிக்குப் பின்னால் அவர் வந்தார், அவ்வளவுதான். டாக்டர்கள் பார்த்தார்கள், அந்தச் சேலத்து டாக்டரும் பார்த்தார், காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, ஆள் மட்டும் கொதித்தார். மெத்தை கருகிற்று. தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் குடும்பம் மொத்தத்துக்கும் வெந்நீர் கிடைத்தது. காரில் உட்கார்ந்தால் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி மடங்கிக்கொண்டது, எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிற்று. சொல்லப்போனால் அதற்குத்தான் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், கன்னத்தில் இறங்குவதற்குள் கண்ணீர் காய்ந்தது.

மாதக்கணக்கில் ஒரு சட்டமும் கண்டுபிடிக்க முடியாமல் இருந்த நகராட்சி, போக்கிடமில்லாத சூடு இனி பந்தலுக்கே திரும்பி வரும் என்று தெரிந்த அன்று சாயங்காலமே கூடிச் செம்புச் சுருளைத் தடை செய்தது, தடை செய்ததற்காகச் சேர்மனுக்கு நன்றி தெரிவித்தது. தண்டபாணி மிச்சத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். அந்த ஊரில் அவனுக்கு நல்ல வரவேற்பு என்று கேள்வி.

சால்வை போர்த்தியவர்கள் யாரும் ரத்தினசபாபதி வீட்டுப் பக்கம் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் வேர்த்தது. ஐப்பசியில் மழை பிடித்தது, விடாமல் பெய்தது. காலனியில் நூல் காயவில்லை, துணி காயவில்லை, பள்ளிக்கூடச் சட்டைகள் நாற ஆரம்பித்தன. லோகாம்பாள் குடையோடு அவர் வீட்டுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடி விஷயத்தைச் சொன்னாள். கூடவே, "புடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிருங்க," என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். தெருவைப் பார்த்தார். மாதக்கணக்கில் அவரைத் தேடி வந்த ஒரே ஆள் அவள்தான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

இப்போது மழைக்காலத்தில் தறிக்காலனிக்குப் போகிறவர்கள் அவரைப் பார்க்கலாம். நடுவில் தகரக் கூரைக்கு அடியில் ஓர் இரும்பு நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி முதல் நாளே உருகிவிட்டது. தோளில் ஈர நூல் சிட்டங்கள், முழங்காலில் பள்ளிக்கூட டிராயர்கள், தலையில் யாருடையதோ பாவாடை என்று புகைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். தன் காரைப் பற்றிப் பேசுவார், அது சேலத்து வெள்ளைக் காரைத் தாண்டிய கதையைச் சொல்வார், கேட்பதற்குச் சின்னையன் ஒருவர்தான் எதிரில் உட்கார்ந்திருப்பார். கதை உச்சத்துக்கு வந்து, முள் அடிமட்டத்துக்கு இறங்குகிற இடத்தில், லோகாம்பாள் வந்து அவர் தோளில் கிடக்கிற நூலைத் தொட்டுப் பார்ப்பாள்.

"சித்த அந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க," என்பாள். "இந்தப் பக்கம் இன்னும் காயல."